கொள்ளிடப் படுகையில் 2 ஏக்கர்: சுற்றுக்கரை போடலாமா?

படுகை மகன் | 18 ஆகஸ்ட் 2024

எல்லோருக்கும் வணக்கம். அரியலூர் மாவட்டம், தா.பழூர் பக்கம், கொள்ளிடத்தின் வடகரை. பெரிய கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே படுகையில் எங்களுக்கு 2 ஏக்கர் பட்டா நிலம். அதை ஒட்டி அரை ஏக்கர் புறம்போக்கு, அதையும் தாத்தா காலத்திலிருந்து நாங்கள்தான் உழுகிறோம். அப்பா போன வருஷம் காலமானார். வெளியூர் வேலையை விட்டுவிட்டு வந்து, ஐப்பசியில் 1,800 வாழை வைத்தேன். முக்கால்வாசி பூவன், மீதி ரஸ்தாளி.

ஆடி பிறக்கும்போது தார் எல்லாம் முக்கால் விளைச்சல். ஜூலை 30 மேட்டூர் அணை முழு மட்டமான 120 அடி தொட்டது, அடுத்த இரண்டு நாளில் விநாடிக்கு 1.70 இலட்சம் கன அடி திறந்தார்கள். ஆடிப்பெருக்கு அன்று காலையில் என் வயலில் நெஞ்சளவு தண்ணீர். நாலு நாள் நின்றது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் பாதி மரம் தாரோடு சாய்ந்து கிடக்கிறது, நிற்கிறதும் இலை மஞ்சளாகி வருகிறது. ஆற்றோரமாக ஒரு அடிக்கு வெறும் மணல். பெரிய கரைப் பக்கம் கால் புதைகிற வண்டல்.

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஜேசிபி வைத்து 2 ஏக்கரையும் சுற்றி 5 அடி உயரத்துக்குக் கரை போட்டுவிடலாம் என்று. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். செலவு பெரிசு, மறுபடி ஒரு தரம் தோற்க முடியாது.

மதகு | 18 ஆகஸ்ட் 2024

தம்பி, நான் கட்டுமான வேலையில் இருக்கிறவன். கரை போடுகிற யோசனை தப்பில்லை. ஆனால் ஆற்று மணலை அள்ளிப் போட்ட கரை நிற்காது, நடுவில் களிமண் வைத்து இறுக்க வேண்டும். அடி அகலம் உயரத்தைப் போல நாலு மடங்காவது வேண்டும். 5 அடி உயரம் என்றால் 20 அடி அகலம், மேலே நடக்க இடம் விட்டால் அதற்கும் மேல். 2 ஏக்கரைச் சுற்றி அவ்வளவு இடம் போனால் எவ்வளவு நிலம் மிஞ்சும் என்று முதலில் கணக்குப் போடு. நெஞ்சளவு வெள்ளம் 4 அடி என்றால் 5 அடிக் கரை இந்த வெள்ளத்தைத் தாங்கியிருக்கும், அதில் சந்தேகமில்லை.

கொடிக்கால் வீடு | 19 ஆகஸ்ட் 2024

இந்த வெள்ளத்தைத் தாங்கியிருக்கும் அண்ணே. 2022 வெள்ளத்தைத் தாங்கியிருக்குமா? அந்த ஆடியில் மேட்டூரிலிருந்தே 2 இலட்சம் கன அடிக்கு மேல் வந்தது, அதோடு பவானித் தண்ணீரும் சேர்ந்தது.

நான் பாபநாசம் பக்கம், உங்களுக்கு எதிர்க்கரை. புகுந்த வீட்டில் வெற்றிலைக் கொடிக்கால். 30 வருஷமாகப் படுகை மண்ணில்தான் கைவைக்கிறேன். தம்பி, தயவுசெய்து கரை போடாதே. எங்கள் பக்கத்தில் ஒருவர் போட்டார். இரண்டு வருஷம் நன்றாக இருந்தது. மூன்றாவது வருஷம் தண்ணீர் கரை மேலே ஏறியது. ஏறின தண்ணீர் உள்ளே விழுகிறது பாரு, அந்த விழுகை நிலத்தைத் தோண்டுகிறது. கரை உடைந்த இடத்தில் ஆள் முழுகுகிற மடு. மேல்மண் முழுக்க அடித்துக்கொண்டு போய்விட்டது. கரையே இல்லாத பக்கத்து வயலில் அரை அடி வண்டல் படிந்து அடுத்த தையில் உளுந்து காய்த்துத் தள்ளியது. அதே வெள்ளம்தான், அதே நாள்தான்.

இன்னொன்று. ஆறு வடிந்த பிறகும் கரைக்குள் தண்ணீர் குளமாக நிற்கும். வாழை வெள்ளத்தில் சாகிறதைவிட நின்ற தண்ணீரில்தான் அதிகம் சாகிறது. இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேர் மூச்சு முட்டி அழுகிவிடும்.

மதகு | 19 ஆகஸ்ட் 2024

அக்கா சொல்கிற விழுகை உண்மைதான், மறுக்கவில்லை. கரைக்கு மேல் தண்ணீர் போனால் உள்பக்க அடிதான் முதலில் அரிக்கும். அதற்குத்தான் கல் பதிப்பார்கள். சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. கீழ்ப்பக்கத்தில் குழாய் மதகு வைத்தால் வடிகிற பிரச்சினை தீரும், ஆனால் மேலே ஏறுகிற பிரச்சினை தீராது.

தம்பிக்கு ஒரு கேள்வி. தண்ணீர் உன் வயலுக்குள் எந்தப் பக்கமாக நுழைந்தது? மேற்கிலிருந்தா, ஆற்றுப் பக்கத்திலிருந்தா, கிழக்கிலிருந்தா? இது தெரியாமல் யார் சொல்கிற யோசனையும் பிரயோசனமில்லை.

படுகை மகன் | 20 ஆகஸ்ட் 2024

நல்ல கேள்வி அண்ணா, எனக்கே தெரியவில்லை. கரை மேல் மாடு கட்டியிருக்கிற பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் சொன்னது: முதல் நாள் ராத்திரி கிழக்கே பழைய வடிகால் வழியாகத் தண்ணீர் பின்னால் ஏறி, மெதுவாகப் பரவி, முழங்கால் அளவு நின்றதாம். அப்போது ஒரு மரமும் சாயவில்லை. விடியற்காலையில் மேற்கு மூலையில் திறந்துகொண்டு இழுவையோடு வந்ததாம். மரம் சாய்ந்ததெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்.

மேற்கு மூலையில் முன்னால் நாணல் அடர்ந்து இருந்தது. மூங்கில் புதர் ஒன்றும் உண்டு. போன வருஷம் நிலத்தைச் சுத்தம் பண்ணும்போது நான்தான் ஜேசிபி விட்டு அதை எல்லாம் எடுத்தேன். எலி அடைகிறது, பாம்பு வருகிறது என்று. எடுத்த இடத்தில் இன்னும் இரண்டு வரிசை வாழை வைத்தேன்.

கொடிக்கால் வீடு | 20 ஆகஸ்ட் 2024

தம்பி, உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் உன் வயலின் கதவு அதுதான். உங்க அப்பா அதைத் தெரிந்துதான் விட்டுவைத்திருப்பார்.

நாணல் வெள்ளத்தைத் தடுக்காது. தண்ணீர் உள்ளே வரத்தான் வரும். ஆனால் நாணலுக்குள் புகுந்து வருகிற தண்ணீர் இழுவை குறைந்து வரும், சுமந்து வருகிற மணலை அங்கேயே போட்டுவிட்டு வரும். உள்ளே வருவது வண்டல் மட்டும். நாணல் இல்லாத இடத்தில் மணலும் உள்ளே வரும், இழுவையும் உள்ளே வரும். உன் வயலில் ஒரு அடி மணல் எப்படி வந்தது என்று நினைக்கிறாய்?

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் | 21 ஆகஸ்ட் 2024

படுகை நிலங்களில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் சில செய்திகள்.

நாணலைப் பற்றிக் கொடிக்கால் வீட்டு அம்மா சொன்னதன் காரணம் எளியது. ஓடும் நீர் வேகம் குறையும்போது முதலில் கனமான மணலை விடும், அதன்பின் பொடி வண்டலை, நீர் அசையாமல் நின்றபின் களியை. எனவேதான் ஆற்றோரம் மணலும் பெரிய கரையோரம் களியும் படிகின்றன. எங்கே வேகத்தைக் குறைக்கிறோமோ அங்கே மணல் இறங்கும்.

இப்போது அவசரமாகச் செய்ய வேண்டியவை. முதலாவதாக, ஈரம் காயும் முன் வண்டலை மிதிக்காதீர்கள், டிராக்டர் இறக்கவே கூடாது. மண்ணைக் கையில் உருட்டினால் உதிர வேண்டும், அதுவரை பொறுங்கள். ஈரத்தில் உழுதால் அடியில் கல் போன்ற தட்டு உருவாகி இரண்டு மூன்று ஆண்டுக்கு வேர் இறங்காது. நிற்கும் வாழைக்குப் பக்க வாய்க்கால் இழுத்து நீரை வடியுங்கள். பழுத்த இலைகளை அறுத்துவிட்டு, வேர்ப்பகுதி நனைய லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைசல் ஊற்றி மண் அணையுங்கள். காற்றில்லாத மண்ணில் தழைச்சத்தின் ஒரு பகுதி வாயுவாகவே போய்விடும். ஆகவே புது வேர் விட்டபின் யூரியாவும் பொட்டாஷும் வழக்கத்தைவிடச் சற்றுக் கூட்டித் தர வேண்டும். சாய்ந்தவற்றை எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

ரஸ்தாளியை இனி அந்த நிலத்தில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. வாடல் நோய்ப் பூசணம் மண்ணோடும் வெள்ளத்தோடும் வயல் விட்டு வயல் போகும். ரஸ்தாளிக்கும் கற்பூரவள்ளிக்கும் அது எளிதில் தொற்றும். பூவன் தாங்கும். மேலே யாருடைய தோட்டத்தில் நோய் இருந்தாலும் அந்தத் தண்ணீர் உங்கள் வழியாகத்தான் போகிறது.

மணலைப் பற்றி. வருவாய்த் துறையில் உடனே மனுக் கொடுங்கள். 2022-26 காலத்துக்கான பேரிடர் நிவாரண விதிப்படி 3 அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்த விளைநிலத்தைச் சீர்செய்யச் சிறு, குறு விவசாயிகளுக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் உதவி உண்டு. பயிர் இழப்பு 33 சதவீதத்துக்கு மேல் என்றால் அதற்கான நிவாரணம் தனி. கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்க்கும்வரை மணலைத் தொடாதீர்கள். ஒரு குச்சியில் அங்குலம் குறித்து மணலில் நட்டுப் படம் எடுத்து வையுங்கள்.

படுகை மகன் | 21 ஆகஸ்ட் 2024

மிக்க நன்றி அய்யா. புறம்போக்கு அரை ஏக்கருக்கும் கேட்கலாமா?

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் | 21 ஆகஸ்ட் 2024

கேட்டுப் பாருங்கள், ஆனால் நம்பி இருக்க வேண்டாம். அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) பெயர் இல்லாத நிலத்துக்கு நிவாரணம் வந்ததை நான் பார்த்தது அரிது. படுகையில் பாதிப் பேர் இப்படித்தான் உழுகிறார்கள். வெள்ளம் பட்டாவைப் பார்த்து வருவதில்லை. பணியில் இருந்தபோது இந்த விஷயத்தில் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை, அந்த வருத்தம் இன்றும் உண்டு.

மணலை விற்றுவிடலாம் என்று யாராவது லாரியோடு வருவார்கள். பட்டா நிலத்து மணலேயானாலும் 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளின்படி அனுமதி இல்லாமல் வெளியே போகக் கூடாது. சிக்கிக்கொள்ளாதீர்கள்.

முசிறிக் கோரை | 23 ஆகஸ்ட் 2024

காவிரிக்கரைக்காரன் நான், முசிறி. நாங்கள் ஆற்றோரத் தாழ்ந்த நிலத்தில் வாழை வைக்கிறதில்லை. கோரைதான். ஒரு தரம் நட்டால் பல வருஷம் தாம்பு விட்டுக்கொண்டே இருக்கும், வருஷத்துக்கு இரண்டு அறுப்பு. தண்ணீர் மேலே போனாலும் படுத்து எழுந்துகொள்ளும். பாய்க்குப் போகிறது. அறுத்த அன்றே கிழித்துக் காயப்போட வேண்டும், அந்த நேரத்தில் மழை பிடித்தால் நிறம் போய்விடும். ஆள் கூலிதான் கஷ்டம். கிழிக்கிற மெஷின் இருக்கிற ஊராகப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

உங்கள் ஊரில் கோரை வாங்க ஆள் இல்லை என்றால் முழு நிலத்துக்கும் வைக்காதீர்கள். ஆனால் அந்த மேற்கு மூலைக்கு வைக்கலாம். நாணலுக்கு உள்பக்கமாக நாலு பாத்தி. மண்ணையும் பிடிக்கும், கொஞ்சம் காசும் வரும்.

கடைமடை | 24 ஆகஸ்ட் 2024

கொள்ளிடம் கடலில் சேருகிற பக்கம் எங்கள் ஊர். நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளைமணல் என்று செய்தியில் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பேர் வருகிறதே, அந்தச் சுற்றுவட்டாரம். 2022இல் வீட்டுக்குள்ளேயே தண்ணீர். ஊரோடு முகாமில் கிடந்தோம். வயலைப் பற்றி நினைக்கவே ஒரு வாரம் ஆனது.

உங்களுக்கு வெள்ளம் ஒன்றுதான் பகை. எங்களுக்கு வெள்ளம் போன பிறகு உப்பு. பழையாற்றுப் பக்கமிருந்து கோடையில் கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறி வருகிறது. மணல் அள்ளி அள்ளி ஆற்றுத் தரை கீழே போய்விட்டது, தரை கீழே போன அளவுக்குக் கடல் மேலே வருகிறது. அப்பா காலத்தில் 20 அடியில் பில்டர் பாயிண்ட் (அடியில் வலை வைத்த குழாய்க் கிணறு) இறக்கினால் இளநீர் மாதிரித் தண்ணீர். இப்போது சித்திரை வைகாசியில் அதே குழாயில் வருகிறதை வாழைக்கு விட்டால் இலை ஓரம் கருகுகிறது. அதனால் நான் மாசியோடு பாசனத்தை முடித்துக்கொள்கிற பயிர்தான் வைக்கிறேன். வெள்ளம் வடிந்த ஈரத்தில் உளுந்து, மேட்டில் கத்தரி. வெள்ளம் வந்த வருஷம் உப்பைக் கழுவிவிட்டுப் போகிறது, அந்த வருஷம் வெள்ளாமை நன்றாக இருக்கும். திட்டிக்கொண்டே அதைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறோம்.

தம்பி, மோட்டாரைக் கழற்றிக் கரை மேல் வைத்தாயா? பில்டர் பாயிண்ட் குழாய் வாயை மூடி வைத்தாயா? மூடாமல் விட்டால் வண்டல் உள்ளே போய் வலை அடைத்துக்கொள்ளும்.

படுகை மகன் | 24 ஆகஸ்ட் 2024

மோட்டாரைக் கழற்றினேன் அண்ணா, குழாயை மூடத் தெரியவில்லை. இப்போது கலங்கலாகத்தான் வருகிறது.

கடைமடை | 24 ஆகஸ்ட் 2024

கம்ப்ரசர் வைத்து ஊதச் சொல். அரை நாள் வேலை. அடுத்த ஆனி கடைசியில் மூடியும் கயிறும் தயாராக இருக்கட்டும். மேட்டூரில் திறந்தால் உங்கள் ஊருக்கு வர இரண்டு நாள் கிடைக்கும், அதற்குள் செய்யலாம்.

படுவான்கரை | 27 ஆகஸ்ட் 2024

வணக்கம். நான் மட்டக்களப்பிலிருந்து. எங்கட படுவான்கரை வயலுகளும் இப்படித்தான், வாவி (கடலோரக் காயல்) பெருகினா பெரும்போக வேளாண்மை (மாரிகால நெல்லு) தண்ணிக்குள்ள. உங்கட கரைக் கதையை வாசிச்சதும் ஒண்டு சொல்லத் தோணிச்சு. இஞ்ச வெள்ளம் வந்தா வாவி கடலோட சேருற முகத்துவாரத்தை வெட்டி விடச் சொல்லிக் கேப்பம். வெட்டினா எங்கட வயல் தப்பும். ஆனா வாவித் தண்ணி ஒரேயடியா இறங்கினா மீன்பிடிக்கிற சனத்துக்குப் பாதிப்பு. அதனால எப்ப வெட்டுறது எண்டு எல்லாரும் கூடிக் கதைச்சுத்தான் முடிவு. தனி ஆள் நினைச்சபடி செய்ய ஏலாது.

தம்பி 2 ஏக்கரைச் சுத்திக் கரை கட்டினா, அந்தத் தண்ணி பக்கத்து வயலுக்குள்ள தள்ளுப்படும் எண்டு யோசிச்சீங்களா? பக்கத்துக்காரன் அடுத்த வருசம் தானும் கட்டுவான். எங்கட ஊர்ல வட்டவிதானை (வயல்களுக்குத் தண்ணி பங்கிடுறதைப் பாக்கிற ஆள்) வாய்க்கால் தண்ணிக்கு மட்டும் இல்ல, இப்படியான பிணக்குக்கும் இருந்தாத்தான் சரிவரும். உங்கட பக்கத்தில அப்படி ஒராள் இருக்கிறாரா?

மதகு | 27 ஆகஸ்ட் 2024

இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் போகிற அகலத்தை யார் குறைத்தாலும் மட்டம் உயரும், எதிர்க்கரைக்கும் அழுத்தம் கூடும். நீர்வளத்துறை அனுமதி இல்லாமல் படுகையில் கரை எழுப்பவும் முடியாது. என் முதல் பதிவில் அளவு சொன்னேனே தவிர இதைச் சொல்லவில்லை. கரை யோசனையை நான் விட்டுவிடுகிறேன்.

ஆனால் அக்காவிடம் ஒரு கேள்வி. வாழை வரிசை ஆற்றோட்டத்தோடு இருக்க வேண்டுமா, குறுக்கே இருக்க வேண்டுமா? ஓட்டத்தோடு வைத்தால் பாத்தி நடுவே தண்ணீர் வாய்க்கால் போல ஓடி அரிக்குமே.

கொடிக்கால் வீடு | 28 ஆகஸ்ட் 2024

ஓட்டத்தோடுதான். குறுக்கே வைத்தால் ஆகாயத்தாமரையும் குப்பையும் வந்து மரத்தில் மோதி அணை மாதிரி அடைக்கும், பாரம் தாங்காமல் ஒரு வரிசை சாய்ந்தால் அடுத்த வரிசையையும் தள்ளிக்கொண்டு விழும். ஓட்டத்தோடு வைத்தால் குப்பை நடுவில் போய்விடும்.

அரிக்கும் என்பது உண்மை. அதற்கு 50 அடிக்கு ஒரு தரம் வரிசைக்குக் குறுக்கே புல் வரப்பு. உயரம் ஒரு சாண் போதும், மண் வரப்பு இல்லை, புல்லே வரப்பு. நான் வெட்டிவேர் வைத்திருக்கிறேன். வேர் பத்து அடிக்குக்கூட இறங்கும், பக்கத்தில் பரவி வாழைக்குத் தொந்தரவு தராது. விதை விழுந்து களையாவதில்லை. தண்ணீர் அதற்குள் வடிகட்டிக்கொண்டு போகும், மேல்பக்கத்தில் வண்டல் படிந்து இரண்டு மூன்று வருஷத்தில் தானாகவே மேடை மேடையாக ஆகிவிடும்.

எங்கள் கொடிக்கால் இருக்கிறது படுகையிலேயே உயரமான மேட்டில், பெரிய கரைக்குப் பக்கத்தில். வெற்றிலைக்கு ஒரு நாள் தண்ணீர் நின்றாலே போச்சு, கொடி படர வைத்த அகத்தி மரமும் கூடவே போகும். நடுவில் வாழை. தாழ்ந்த இடத்தில் தைக்குப் பிறகு உளுந்து, எள், காய்கறி. ஆனிக்குள் அறுத்துவிடுவோம். ஆற்று விளிம்பில் நாணலும் மூங்கிலும், அங்கே மண்வெட்டி படக்கூடாது என்று மாமனார் சொல்லிவிட்டுப் போனார். ஆடு மாட்டுக்கு மேலாக அறுக்கலாம், வேரைத் தொடக்கூடாது.

படுகை மகன் | 29 ஆகஸ்ட் 2024

அக்கா, அப்படியானால் வாழை வைக்கிற மாதம்? நான் ஐப்பசியில் வைத்ததும் தப்புதானே?

கொடிக்கால் வீடு | 29 ஆகஸ்ட் 2024

கரை மேல் இருக்கிற வயலுக்கு ஐப்பசி சரி. படுகைக்கு இல்லை. ஆடியில் தார் பாரத்தோடு மரம் இருக்கக் கூடாது, முழங்கால் உயரக் கன்றாகவும் இருக்கக் கூடாது. தை கடைசி, மாசியில் வை. ஆடியில் ஆறு மாத மரம். தண்டு பருத்திருக்கும், தலை தண்ணீருக்கு மேலே இருக்கும், தார் பாரம் இருக்காது. குலை தள்ளுவது வெள்ளம் வடிந்த பிறகு. ஐப்பசி கார்த்திகை மழைக்குச் சவுக்குக் கழி முட்டுக் கொடுத்துவிடு. அதற்கும் மேல் வந்தால் வந்ததுதான், ஒரு வருஷம் போகும்.

இன்னொன்றும் சொல்கிறேன். நிலம் முழுக்க வாழை வைக்காதே. போனால் பாதி போகட்டும்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் | 30 ஆகஸ்ட் 2024

பருவக் கணக்கை முழுமையாக ஏற்கிறேன். இடைப்பட்ட மாதங்களுக்கு ஒரு யோசனை. மிதிக்கப் பதம் வந்தவுடன் வண்டல் பகுதியில் தக்கைப்பூண்டு விதைத்து 45ஆம் நாள் மடக்கி உழுங்கள். சணப்பு வேண்டாம், அது நீர் தேங்கினால் நிற்காது. தக்கைப்பூண்டு நிற்கும். வெள்ளம் கிடந்த மண்ணில் உயிர் வேலை குறைந்துபோயிருக்கும், வேரோடு ஒட்டி மணிச்சத்தை எடுத்துக் கொடுக்கும் பூசணங்களும் மங்கியிருக்கும். ஒரு பசுந்தாள் பயிர் அதைத் திரும்பக் கொண்டுவரும்.

மணல் பகுதியில், 3, 4 அங்குலம் வரை இருந்தால் அடிமண்ணோடு கலந்து உழலாம். ஒரு அடி என்பது கலக்காது. அதில் ஒன்றரை அடிக் குழி எடுத்து, அடியிலுள்ள பழைய வண்டலை மேலே கொண்டுவந்து, மட்கிய எருவோடு சேர்த்துக் குழியை நிரப்பி வெள்ளரி, தர்பூசணி, பூசணி வையுங்கள். குழிக்கு மட்டும் எரு, குழிக்கு மட்டும் தண்ணீர். இரண்டு பருவம் போனால் குழிகளுக்கு நடுவிலும் மண் மாறத் தொடங்கும்.

ஆற்று வண்டலைப் பற்றி ஒரு வார்த்தை. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் மேலிருந்து வரும் வண்டலில் பெரும்பகுதி அணைக்குள் தங்கிவிடுகிறது. உங்கள் தாத்தா எருவே போடாமல் விளைவித்தேன் என்று சொல்லியிருந்தால் அது பொய்யில்லை, ஆனால் அந்தத் தண்ணீர் இப்போது வருவதில்லை. இன்று படியும் வண்டலில் பெரும்பகுதி அணைக்குக் கீழே, நம் பகுதியிலேயே எங்கோ கரை இடிந்து வருவது. ஒருவர் வயலில் படிவது இன்னொருவர் இழந்தது. ஆகவே வெள்ளத்தை நம்பி எருவை நிறுத்தாதீர்கள்.

முசிறிக் கோரை | 30 ஆகஸ்ட் 2024

அய்யா சொன்ன கடைசி வரி என் நெஞ்சைத் தொட்டது. என் நிலம் மணல் குவாரிக்கு ஒரு மைல் கீழே. ஆற்றுத் தரை இறங்க இறங்கக் கரை காலில்லாமல் நின்று, 2018 வெள்ளத்தில் 20 குழி நிலம் அப்படியே ஆற்றுக்குள் போனது. முக்கொம்பு மேலணையில் 9 மதகு அடித்துக்கொண்டு போனதே, அதே வெள்ளம். நாணல் இருந்த விளிம்புதான் நின்றது, ஆனால் அடியில் மண்ணே இல்லை என்றால் நாணலும் என்ன செய்யும்? செடியால் முடிவது ஒரு அளவுவரைதான். ஆற்றை ஆறாக விட்டால்தான் படுகைக்காரன் படுகையைப் பார்த்துக்கொள்ள முடியும்.

படுகை மகன் | 9 பிப்ரவரி 2025

அண்ணா, அக்கா, அய்யா எல்லோருக்கும். ரொம்ப நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும்.

கரை போடவில்லை. ஜேசிபிக்கு வைத்திருந்த பணத்தில் வடிகாலைத் தூர்வாரினேன், பக்கத்து வயல்காரர் இருவரும் பாதி கொடுத்தார்கள். ஆளுக்கொரு பக்கம் கரை போடுவதில்லை என்று பெரியப்பா முன்னால் பேசிக்கொண்டோம். மேற்கு மூலையில் ஆற்றோரத்து நாணலைத் தூரோடு பெயர்த்து வந்து இரண்டு அடிக்கு ஒன்று நட்டேன், மூன்று வரிசை, ஓட்டத்துக்குச் சாய்வாக. உள்ளே மூங்கில் கன்று 12. வெட்டிவேர் நாற்று 50 அடிக்கு ஒரு வரிசை. கோரைக்கு இங்கே வாங்க ஆள் இல்லை, ஒரே ஒரு பாத்தி மட்டும் வைத்துப் பார்க்கிறேன். வண்டலில் தக்கைப்பூண்டு மடக்கி உழுதாயிற்று. நிவாரணத்துக்கு மனு கொடுத்திருக்கிறேன், பட்டா நிலத்துக்கு அளந்துகொண்டு போனார்கள், புறம்போக்குக்கு இல்லை.

போன வாரம் பூவன் மட்டும் 850 கன்று. வரிசை ஓட்டத்தோடு. மீதி நிலத்தில் உளுந்து. மணல் குழியில் வெள்ளரி கொடி ஓடுகிறது.

கொடிக்கால் வீடு | 10 பிப்ரவரி 2025

நாணலுக்கு முதல் கோடை மட்டும் தண்ணீர் காட்டு தம்பி. வேர் பிடித்துவிட்டால் பிறகு தேவையில்லை. பக்கத்து வயல்காரரோடு பேசினாயே, அதைக் கேட்கத்தான் ரொம்பச் சந்தோஷம்.

படுகை மகன் | 21 ஜூலை 2025

இந்த வருஷம் ஜூன் 29க்கே மேட்டூர் 120 அடி. மூடியும் கயிறும் தயாராக இருந்தது, குழாயை மூடி மோட்டாரைக் கரையேற்றிவிட்டேன்.

படுகைக்குள் தண்ணீர் வந்தது. போன வருஷ அளவு இல்லை, ஆழமான இடத்தில் தொடை அளவு. கிழக்கே வடிகால் வழியாகப் பின்னால் ஏறியது. இரண்டு நாளில் அதே வழியாக இறங்கியது. மேற்கு மூலையில் நாணல் இன்னும் முழுசாக அடரவில்லை, ஓரிடத்தில் ஆள் புகுகிற அளவுக்கு இடைவெளி. அந்த இடைவெளிக்கு நேரே மட்டும் 23 வாழை சாய்ந்திருக்கிறது, மணல் ஒரு சாண். நாணல் நெருக்கமாக இருந்த இடத்துக்குப் பின்னால் ஒன்றும் சாயவில்லை, இரண்டு விரல் வண்டல் படிந்திருக்கிறது. வெட்டிவேர் வரிசைக்கு மேல்பக்கம் அதைவிடக் கூட.

புறம்போக்கு அரை ஏக்கரில் ஆற்று விளிம்பு அரித்து ஐந்தடி உள்ளே வாங்கிவிட்டது. அங்கே நாணல் வைக்கவில்லை, நம் நிலம் இல்லையே என்று விட்டுவிட்டேன். இனி அங்கேயும் வைக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் நட்டால் பிடிக்குமா, தைவரை பொறுக்கவா, அக்கா?

கொடிக்கால் வீடு | 21 ஜூலை 2025

பொறுக்காதே. ஆவணியில் தண்ணீர் இறங்கினதும் நடு. உங்கள் பக்கம் தூர் போதாதென்றால் எங்கள் விளிம்பில் இருக்கிறது, சாக்குப் பையோடு வா.